கழற்றிய பின் எஞ்சுவது

பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களைப் பேணி ஓட்டுவோரிடையே ஓயாமல் எழும் ஒரு வழக்கு, மெய்யியலின் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்றாகவும் இருக்கிறது: பாகம் பாகமாக மாற்றப்பட்டு வந்த வண்டி எதுவரைக்கும் அதே வண்டியாக இருக்கிறது, எந்தப் பாகம் கழன்றதும் அது வேறொன்றாகிவிடுகிறது? கொழும்பின் வட முனையில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்தை ஒட்டிக் கிடக்கும் மட்டக்குளியில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறுமாக அமைந்த அவ்விடத்தில் குரோமியப் பூச்சு புள்ளி புள்ளியாகப் பொரிந்து உரிவதும், சக்கரக் கம்பிகள் வேரோடு துருவேறி ஒடிவதும் இயல்பு. பௌத்தர் அநித்தியம் என்றும் தமிழ் அறநூலார் நிலையாமை என்றும் சொன்னதை அங்கே ஒருவர் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, எரிபொருள் தாங்கியின் அடிப்புறத்தைத் தடவினால் விரலில் செந்தூளாக ஒட்டிக்கொள்ளும்.

இலங்கையின் வரலாறு இந்த உப்புக் காற்றுக்குத் துணை போனது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரான ஓரிரு பத்தாண்டுகளிலும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப், மாட்ச்லெஸ், றோயல் என்ஃபீல்ட் ஆகிய வண்டிகளுக்கு, 1960களில் தொடங்கி 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரம் வரை நீடித்த அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. அக்காலத்தில் வண்டியை உயிரோடு வைத்திருக்க விரும்பியவர் லேத் பட்டறைக்குப் போய்ப் புதிய புஷ்ஷைக் கடைந்து வாங்கினார். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பாகத்தைத் தேடியெடுத்து அரத்தால் ராவிப் பொருத்தினார். 1977க்குப் பின் யப்பானிய வண்டிகள் பெருகியபோது அவற்றின் காபரேட்டரைத் தம் ஆங்கில எஞ்சினுக்குப் பூட்டினார். இங்கிலாந்தின் சேகரிப்பாளர் ஒருவர் இத்தகைய வண்டியைக் கலப்படம் என்று ஒதுக்கக்கூடும். அவர் கருத்துச் சரியா என்பது, 'அதே வண்டி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது.

பொருள் ஆராயும் முன் பொருளையே சற்று உற்றுப் பார்ப்பது நன்று. பீ.எஸ்.ஏ. எம்20 என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்காக ஏறத்தாழ 1,26,000 என்ற தொகையில் செய்யப்பட்ட வண்டி. 82 மில்லிமீற்றர் விட்டமும் 94 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர், 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, அவ்வளவு பெரிய உடலிலிருந்து கிடைப்பதோ 13 குதிரைவலு. அதன் எஞ்சின் பக்கவால்வு வகையைச் சேர்ந்தது. அதாவது, எரிவாயுவை உள்ளே விட்டு வெளியேற்றும் வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேலே தொங்காமல், அதன் அருகில் நிமிர்ந்து நிற்கின்றன. வாயு வளைந்து நெளிந்து போகவேண்டியிருப்பதால் வலு குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் தலைப்பகுதி வெறும் மூடியாகிவிடுவதால், சில போல்ட்டுகளைத் தளர்த்தியதும் வால்வுகளின் இயக்கத்தைக் கலைக்காமலே அதைத் தூக்கி எடுத்து, பிஸ்டனின் உச்சியில் படிந்த கரியைச் சுரண்டிவிட்டு மீண்டும் மூடிவிடலாம். தெருவோரத்திலும் போர்முனையிலும் செய்யத்தக்க வேலை அது.

அதனைக் கிளப்பும் முறை ஒரு சடங்கின் ஒழுங்கை உடையது. பெற்றோல் குழாயைத் திறந்து, காபரேட்டரின் மிதவை அறைமேல் உள்ள சிறு குமிழை அழுத்தி, பெற்றோல் கசிந்து விரல் நுனி நனையும்வரை பொறுத்திருக்க வேண்டும். கைபிடியில் உள்ள சிறு நெம்புகோலால் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிவைக்க வேண்டும், தவறினால் உதைகோல் எதிர்த்து அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். பின்னர் வெளியேற்று வால்வைத் தூக்கிப் பிடிக்கும் மற்றொரு நெம்புகோலை இழுத்து, உள்ளே அமுங்கிய காற்றை விடுவித்து, பிஸ்டனை மேல்முனைக்குச் சற்று அப்பால் கொண்டுவந்து நிறுத்தி, அதன்பின்னரே முழு உடற்பாரத்தையும் ஒரே சீரான உதையில் இறக்க வேண்டும். பற்றரியின் தயவு இதற்குத் தேவையில்லை. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழல்வதனால் பொறியைத் தானே பிறப்பிக்கும் மக்னீற்றோ அந்த வேலையைச் செய்கிறது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: சுருளுக்குள் பொதிந்திருக்கும் மின்தேக்கி, அதாவது கொண்டென்சர், முதுமையடைந்தால், சூடேறிய வண்டி நடுவழியில் நின்று, ஆறியபின் ஒன்றுமே நடவாததுபோலக் கிளம்பும். ஆர்வலர்கள் இந்த வண்டிகளுக்கு மனநிலைகளை ஏற்றிச் சொல்வதற்குக் காரணம் வெறும் கற்பனையன்று. காரணம் கண்ணுக்குப் படாத ஒழுங்கீனத்தை மனிதர் எங்குமே மனநிலை என்றுதான் அழைத்து வந்திருக்கிறார்கள்.

இங்கே கவனிக்கத்தக்கது, இந்தப் பொறியியலின் உட்கோள். கழற்றப்படுவதற்காகவே அது செய்யப்பட்டது. தேயும் இடங்கள் பலவற்றில், தாய்ப்பாகம் தேயாதபடி, மாற்றத்தக்க மெல்லிய வெண்கல வளையம் ஒன்று இடப்பட்டிருக்கிறது. புஷ் எனப்படும் அந்த வளையம் தான் தேய்வதன் மூலம் மற்றதைக் காக்கிறது. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்று அகலமாகக் குடைந்து ஒருபடி பெரிய பிஸ்டனைப் போடலாம். திருகுகளும்கூடத் தமக்கென ஓர் உலகம் கொண்டவை: 1841இல் ஜோசப் விட்வேர்த் வகுத்த, 55 பாகைக் கோணமுடைய புரிகளின் வழிவந்த அளவுகளில் செய்யப்பட்ட அவற்றுக்கு ஸ்பானரின் எண் போல்ட்டின் தலை அகலத்தைக் குறிக்காமல் தண்டின் விட்டத்தையே குறிக்கும், மெற்றிக் ஸ்பானரோடு அவசரப்பட்டவர் தலையை வழுக்கையாக்கிவிட்டுத்தான் பாடம் கற்பார். ஆக, மாற்றம் என்பது இவ்வண்டிக்கு வெளியிலிருந்து நேர்ந்த கேடன்று, வரைபடத்திலேயே அதற்கு இடம் விடப்பட்டிருந்தது. கழற்றினால் உடையும்படி வார்க்கப்படும் இன்றைய பொருள்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கவே முடியாது.

பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு 'பொருள் எங்கே' என்று கேட்ட மிகப் புகழ்பெற்ற உரையாடல் பௌத்தத்தில் உள்ளது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மினாந்தரை மிலிந்தன் என்ற பெயரில் முன்னிறுத்தும் மிலிந்த பஞ்ஹம் என்ற பாளி நூலில், நாகசேனர் என்னும் துறவி அவனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றி வினவுகிறார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, இவை அனைத்தும் சேர்ந்தது தேரா, இவற்றுக்கு அப்பாற்பட்டது தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே சொல்லி வந்த மன்னன், முடிவில் தேர் என்பது இவற்றைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர் மட்டுமே என்று ஒப்புக்கொள்கிறான். வஜிரா என்ற பிக்குணி மாரனுக்குச் சொன்ன மறுமொழியாகச் சங்யுத்த நிகாயத்தில் இதற்கு முன்னரே காணப்படும் இவ்வுவமையை, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய புத்தகோசரும் தமது விசுத்திமக்கத்தில் எடுத்தாள்கிறார். களனிக் கரையில் ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பாகங்களைச் சாக்கின்மேல் வரிசையாக அடுக்கும்போது நிகழ்வதும் அதுவே: பெயர் போய்விடுகிறது, இரும்பு மட்டும் கிடக்கிறது.

இதனை ஏற்காதவர் நையாயிகரும் வைசேடிகரும். அவர்கள் பாகங்களை அவயவம் என்றும், முழுமையை அவயவி என்றும் பிரித்து, அவயவி தன் அவயவங்களைவிட வேறான ஓர் உள்பொருள் என்று நிறுவினர். நூல்களை எண்ணிப் பார்ப்பதால் துணி கிடைத்துவிடாது, நூல்களில் பிரிக்கமுடியாத தொடர்பால் உறையும் துணி தனியொரு பொருள். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகத்தின் வழி இச்சொற்கள் தமிழ்ச் சைவக் கல்வியிலும் புழங்கி வந்தன. ஆனால் இக்கொள்கை ஆர்வலருக்கு ஆறுதல் தருவதாகத் தோன்றினாலும் அதன் முடிவு கடுமையானது: ஒரு நூலை உருவினாலே பழைய அவயவி அழிந்து புதியதொன்று பிறக்கிறது, அதே துணி என்று மனிதர் அடையாளம் கொள்வது ஒப்புமையினால் நேர்வது. அவ்வாறாயின் ஒரு தீப்பொறிக் குமிழை மாற்றியவர் மாலையில் வீடு திரும்புவது காலையில் புறப்பட்ட வண்டியில் அன்று. முழுமைக்கு உண்மையைத் தந்தவர்களே அதை இத்தனை எளிதில் சாகடித்தது விந்தைதான்.

சைவ சித்தாந்தம் கேள்வியைச் சற்றே திருப்பி வைப்பதற்கு உதவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று அந்நெறி காரணத்தை மூன்றாக வகுத்து, காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்னும் சற்காரியவாதத்தை மேற்கொள்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலையை உண்மையிலேயே உண்டாக்கிய வண்டி றோயல் என்ஃபீல்ட் புல்லட். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் உருவான, 70 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட அதன் 346 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து தொடங்கப்பட்ட என்ஃபீல்ட் இந்தியா வழியாகச் சென்னைக்கு வந்தது. முதலில் பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டினர். 1957இல் பாகங்களை வார்க்கவும் கடையவும் வேண்டிய கருவிகளே விற்கப்பட்டுத் திருவொற்றியூர் வந்தன. 1962 அளவில் அனைத்துப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. மண் வேறு, குயவன் வேறு, கடல் கடந்தது சக்கரம் மட்டுமே. 1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது, 1970இல் ஆங்கில நிறுவனமே மறைந்தது. 1977இல் திருவொற்றியூரின் புல்லட் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது.

இதனைப் பிரதி என்று சொல்வோர், இலங்கையர் நன்கறிந்த ஒரு மரத்தை எண்ணிப் பார்க்கலாம். புத்தகயாவின் போதியிலிருந்து சங்கமித்தை கொணர்ந்த கிளையே அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதி என்று மகாவம்சம் சொல்கிறது, அது கி.மு. மூன்றாம் நூற்றாண்டு நிகழ்ச்சி. புத்தகயாவின் மரமோ பலமுறை அழிந்து, 1876இல் புயலில் சாய்ந்தபின், 1880களின் தொடக்கத்தில் அகழ்வாய்வாளர் கன்னிங்ஹாம் நட்ட கன்றிலிருந்து வளர்ந்தது. கிளை தாய்மரத்தைவிட மூத்ததாகிவிட்ட இந்நிலையில் எது அசல் என்று வணங்க வருவோர் எவரும் கேட்பதில்லை, ஏனெனில் வெட்டி நடுவது மரத்தின் இயல்பிலேயே உள்ள வாழும் முறை. மிலிந்த பஞ்ஹத்தின் மற்றொரு உவமையும் இதற்கு இசைவானது: இரவு முழுதும் எரியும் விளக்கில் முதற் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல. நாகசேனரின் தேரை ஆர்வலர் மறுக்க வேண்டியதில்லை. அவருடைய விளக்கையும் சேர்த்துப் படித்தால் போதும்.

'பிரித்தானிய' என்ற அடைமொழிகூட இந்த விளக்கொளியில் சற்று ஆடுகிறது. 1948இல் வெளிவந்து தபால் ஊழியர் முதல் மாணவர் வரை பலரைச் சுமந்த பீ.எஸ்.ஏ. பான்டம், 123 கன சென்ரிமீற்றர் இரட்டைவீச்சு எஞ்சின் கொண்ட எளிய வண்டி, உண்மையில் ஜேர்மனியின் டீ.கே.டபிள்யூ. ஆர்டீ125 என்பதன் வரைபடம் போர் இழப்பீடாகக் கைமாறியதன் விளைவு. கியர் மிதி ஆங்கில வழக்கப்படி வலப்புறம் வரும்பொருட்டு அதைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம் வலமாகத் திருப்பிச் செய்தனர். அதே வரைபடம் அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனாகவும், சோவியத் நாட்டில் மொஸ்க்வாவாகவும், 1955இல் யப்பானில் யமகா நிறுவனத்தின் முதல் வண்டியாகவும் பிறவி எடுத்தது. பான்டமுக்கு யப்பானியப் பாகம் போட்டவரைக் கலப்படக்காரர் என்பது, உறவுக்காரர் வீட்டில் சோறுண்டவரை அந்நியர் என்பது போன்றதே.

சைவக் கோயில் மரபு இக்கேள்விக்கு ஒரு நடைமுறை விடையை வைத்திருக்கிறது. மட்டக்குளியிலிருந்து தெற்கே, கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேசுவரம் 1857இல் பொன்னம்பல முதலியாரால் நிறுவப்பட்டு, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதனால் 1907 முதல் 1912 வரை முற்றும் கருங்கல்லில் திரும்பக் கட்டப்பட்டது; ஆயினும் அது இரண்டாவது கோயில் என்று எவரும் சொல்வதில்லை. சீர்ணோத்தாரணம் எனப்படும் இத்தகைய புதுக்கலின்போது, மூர்த்தியில் உள்ள கலைகளைக் குடத்து நீருக்கு ஆவாகனம் செய்து, பாலாலயம் என்ற சிறு தற்காலிக இடத்தில் வைத்து வழிபட்டு, வேலை முடிந்தபின் கும்பாபிடேகத்தால் மீண்டும் சேர்ப்பது ஆகம விதி. கல் மாறலாம், வழிபாடு ஒருநாளும் அறுபடக்கூடாது என்பதே இதன் கருத்து. மோட்டார் சைக்கிளுக்கு ஆகமம் இல்லை என்றாலும், வண்டி பிரிக்கப்பட்டுக் கிடக்கும் மாதங்களில் அதன் பாலாலயமாக இருப்பது பதிவுப் புத்தகமும், அதைப் பூட்டத் தெரிந்தவரின் நினைவும்தான். ஆயுத பூசையன்று, சக்கரம் கழற்றி மரக்கட்டையில் நிற்கும் வண்டிக்கும் சந்தனப் பொட்டு விழுவதுண்டு.

இனி, எஞ்சின் இலக்கமும் சட்டத்தின் இலக்கமும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்திருக்க வேண்டும் என்ற சேகரிப்பாளரின் வற்புறுத்தல். தேரவாதிகள் வணங்கத்தக்க சின்னங்களை மூவகையாகப் பிரிப்பர்: உடலின் பகுதியான சாரீரிகம், பயன்படுத்தப்பட்டதனால் புனிதமான பாரிபோகிகம், நினைவூட்டும் உருவமான உத்தேசிகம். கண்டித் தலதா மாளிகையின் புத்த தந்தம் முதல் வகை, மகாபோதி இரண்டாம் வகை, சிலைகள் மூன்றாம் வகை. இலக்கம் பார்ப்பவர் வண்டியைச் சாரீரிகமாக மதிக்கிறார். பிறந்த உடலின் தூள் குறையக்கூடாது என்கிறார். அந்த மதிப்புக்கு அதற்கே உரிய பாவமும் உண்டு: விலை இலக்கத்தில் தங்கியதும், பழைய இலக்கத்தை ராவிவிட்டுப் புதிதாக அச்சுக் குத்தும் தொழிலும் தொடங்கிவிட்டது. இலங்கைத் தமிழருக்கு வேறொரு காரணத்தாலும் இலக்கம் வெறும் இலக்கமாக இருந்ததில்லை. ரோமன் எழுத்துகளோடு ஓடும் பழைய தகடு, 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடுகளில் ஏறியதற்கும், அதை எதிர்த்துத் தமிழர் போராடியதற்கும் முற்பட்ட காலத்தைச் சுமந்து நிற்கிறது.

மட்டக்குளியின் வழக்கத்துக்குப் பொருந்துவது இரண்டாம் வகையே என்று கொள்ளலாம். உதைகோலின் ரப்பர் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதும், முழங்கால் உரசிய இடத்தில் தாங்கியின் வண்ணம் போய் அடிப்பூச்சு தெரிவதும் அங்கே குறைகளாக எண்ணப்படுவதில்லை. பயன்பாட்டின் சான்றுகள் அவை. ராஜஸ்தானின் பாலி நகருக்கு அருகே, விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் புல்லட் கண்ணாடிக் கூண்டுக்குள் மாலையோடு நிற்கிறது, வழிப்போக்கர்கள் அதை வணங்கிச் செல்கிறார்கள். அதுவும் பாரிபோகிகம்தான், ஆனால் பயன்பாடு நின்றுபோனதால் மாற்றமும் நின்றுவிட்டது. வணங்கப்படும் வண்டிக்குப் புஷ் தேயாது.

இவ்வளவு அன்பும் பற்றுத்தானே, பற்று விடத்தக்கதுதானே என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும், அதாவது உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகியவற்றை, ஆன்மா பக்குவப்படுவதற்காக அருளால் தரப்பட்டவை என்று கொள்வதால், பொருளோடு பழகுவதை மட்டும் வைத்து ஒருவரைக் கட்டுண்டவர் என்று தீர்த்துவிட முடியாது. கட்டு, 'எனது' என்ற சொல்லில் இருக்கிறது. தன் வண்டிதான் ஊரிலேயே ஒறிஜினல் என்று மார்தட்டுபவரிடம் ஆணவம் துலக்கமாகவே தெரியும். எஞ்சின் சூட்டில் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்கக் காது கொடுத்திருப்பவரிடமோ, அந்தக் கால் மணி நேரத்துக்காவது, அது ஒடுங்கியிருக்க வேண்டும். தான் நினைத்ததே சரி என்று இருப்பவருக்கு மக்னீற்றோ இடம் கொடுப்பதில்லை. இது துறவு ஆகிவிடாது. ஆனாலும் பற்றுகளில் தரம் உண்டு என்பதை மறுத்தால், கோயில் திருப்பணியையும் பற்றுக் கணக்கில்தான் எழுத வேண்டிவரும்.

எஞ்சியிருப்பது ஐரோப்பியர் எழுப்பிய ஒரு சிக்கல். ஏதென்சு நகரத்தார் தீசியசின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிப் பேணியதைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அதன்மேல் ஒரு குறும்பைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பலாகப் பூட்டிவிட்டால் எது தீசியசினுடையது? கொழும்பில் இதற்கான பலகைகள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கழற்றிய பாகத்தை எறிவது வழக்கமில்லாததால், ஒயில் தோய்ந்த செய்தித்தாளில் சுற்றிய தேய்ந்த புஷ்களும், குழி விழுந்த வால்வும், கறுத்த கொண்டென்சரும் பட்டறை மேசையின் கீழ் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். அவற்றைக் கூட்டினால் கிடைப்பது பிறந்த உடலுக்கு மிக நெருங்கிய, ஓடாத வண்டி. ஆனால் அந்த டின்னை எவரும் அவ்வாறு கூட்டுவதில்லை. புதிய புஷ் கடைய வேண்டிய நாளில் அது திறக்கப்படுகிறது. பழையதை எடுத்துத் துடைத்து, தண்டு உரசாமல் தப்பிய ஓரத்தில், ஒரு நெல்லளவுகூட இல்லாத அந்த வளையத்தில், வெர்னியரை வைத்து ரெடிச்சிலோ பர்மிங்ஹாமிலோ அன்று கடைந்த அளவைப் படித்து, கடைசல்காரர் அதைச் சோக்குக் கட்டியால் லேத்தின் பக்கவாட்டில் எழுதிக்கொள்கிறார்.